யெரே லெஹ்டினெனுக்கு இன்னும் ஏன் இடமில்லை? ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1999இல் NHL என்ற வட அமெரிக்க லீகின் சாம்பியன் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்ற டாலஸ் ஸ்டார்ஸ் அணியிலிருந்து ஆறு வீரர்கள், ஐஸ் ஹாக்கியின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். பிரெட் ஹல் 2009இல் வந்தார். ஜோ நியூவெண்டைக்கும் எட் பெல்ஃபோரும் 2011இல். மைக் மொடானோ 2014இல். செர்கேய் ஸூபோவும் கீ கார்போனோவும் 2019இல். அவர்களுடைய பயிற்சியாளர் கென் ஹிட்ச்காக்கையும் 2023இல் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த அணியைக் கட்டிய பொது மேலாளர் பாப் கெய்னி, தான் ஆடிய காலத்துக்காக 1992லேயே உள்ளே போனவர். இந்தப் பெயர்களில் எதன் மீதும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. எல்லோரும் தகுதியானவர்கள்.

அந்த அணியின் முன்கள மூவர் குழுவான முதல் லைனில் நடுவே மொடானோ ஆடினார், ஒரு பக்கம் ஹல் ஆடினார். மறுபக்கம் ஆடியவர் ஃபின்லாந்தின் யெரே லெஹ்டினென். லீகின் சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்குக் கொடுக்கப்படும் ஃபிராங்க் செல்கே கோப்பையை அந்த ஆண்டு வாங்கியவரும் அவர்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1998இல், வாங்கியவரும் அவர்தான். 2003இல் மூன்றாவது முறையும் வாங்கினார். 2010இல் ஓய்வு பெற்றார். கடைசி ஆட்டத்துக்குப் பிறகு மூன்று சீசன் போக வேண்டும் என்ற உங்கள் விதிப்படி 2013 முதலே அவரைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்வு வரை அவர் பெயரை நீங்கள் அறிவிக்கவில்லை.

இது நியாயமில்லை என்று நினைக்கிறேன். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் எழுதுவதால், ஐஸ் ஹாக்கி அதிகம் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்கு மனப்பாடமான சில விஷயங்களையும் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர். கோல் காக்கும் கோலி ஒருவர், அவருக்கு முன்னால் இரண்டு டிஃபென்ஸ்மேன், அதற்கும் முன்னால் மூன்று ஃபார்வர்ட். அந்த மூவரில் நடுவில் இருப்பவர் சென்டர், இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் விங்கர்கள். இந்த மூவரையும் சேர்த்து ஒரு லைன் என்பார்கள். ஒரு லைன் முக்கால் நிமிடம் போல உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு வெளியே வரும், அடுத்த லைன் உள்ளே போகும். எதிரணியின் சிறந்த லைன் இறங்கும்போது அதற்கு எதிராக யாரை இறக்குவது என்பதுதான் பயிற்சியாளரின் தலைவலி. ஃபார்வர்ட் என்றால் கோல் போடுபவர் என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. ஆனால் எதிரணியின் கோல்களைத் தடுப்பதையே தன் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளும் ஃபார்வர்ட்களும் உண்டு. லெஹ்டினென் அந்த வகை.

அந்த வேலையில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. கோல் போட்டவர் பெயர் ஸ்கோர் ஷீட்டில் ஏறும். அதற்குப் பாஸ் கொடுத்த இருவர் பெயரும் அசிஸ்ட் என்று ஏறும். எதிரணியின் நட்சத்திரம் கோல் வலைக்கு முன்னால் தனியாக நின்று, பக் எனப்படும் ரப்பர் வட்டுக்காகக் காத்திருந்தபோது, பின்னாலிருந்து பாய்ந்து வந்து அவர் ஸ்டிக்கைத் தூக்கிவிட்டவர் பெயர் எதிலும் ஏறாது. அந்தப் பாஸ் வீணாகப் போகும், ஆட்டம் தொடரும், வர்ணனையாளர் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு இரவுக்குப் பல முறை, பதினான்கு சீசன்களாகச் செய்த ஒருவரின் வாழ்க்கையை எந்தப் பத்தியில் எழுதி வைப்பது?

லெஹ்டினென் ஆடிய பழைய ஆட்டங்களின் வீடியோ கிடைக்கிறது. உங்களில் பலர் அந்தக் காலத்து ஆட்டங்களை நேரிலேயே பார்த்தவர்கள், சிலர் ஆடியும் இருப்பீர்கள். ஆனாலும் ஒரு ஆட்டத்தை எடுத்து, பக்கை விட்டுவிட்டு, 26ஆம் எண்ணை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தன் அணி பக்கை இழந்த அந்தக் கணத்திலேயே அவர் திரும்பிவிடுவார். பக் பறிபோனதைப் பார்த்து, யோசித்து, அப்புறம் திரும்புபவர்கள்தான் லீகில் அதிகம். அந்த அரை விநாடித் தாமதம் அவரிடம் இல்லை. திரும்பியதும் பக்கை வைத்திருப்பவரை நோக்கி ஓடமாட்டார். அவர் யாருக்குப் பாஸ் கொடுக்கப் போகிறாரோ அந்த ஆளுக்கும் பக்குக்கும் நடுவில் உள்ள பாதையில் போய்ச் சேருவார். ஸ்டிக்கைப் பனியோடு படியவைத்தபடியே சறுக்குவார். பாதி நேரம் எதிரணி ஆளுக்கு அந்தப் பாஸைக் கொடுக்கவே தோன்றாது. வேறு பக்கம் திருப்பிவிடுவார். கொடுக்காத பாஸை யார் எண்ணுவது!

களத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரான போர்டு ஓரத்தில் அவர் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரணி நம் எல்லைக்குள் நெருக்கிக்கொண்டிருக்கிறது. நம் டிஃபென்ஸ்மேன் எப்படியோ பக்கைப் பிடித்து, போர்டோடு உரசியபடி சுற்றி மேலே அனுப்புகிறார். அது விங்கரிடம் வருகிறது. விங்கரின் முதுகு போர்டில், முகத்துக்கு நேரே எதிரணியின் டிஃபென்ஸ்மேன் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு நொடியில் பக்கை நம் எல்லையைக் குறிக்கும் நீலக் கோட்டுக்கு வெளியே கடத்திவிட்டால் ஆபத்து நீங்கும், களைத்துப்போன ஐந்து பேரும் மாறிக்கொள்ளலாம். தவறினால் அதே களைத்த ஐந்து பேர் இன்னும் அரை நிமிடம் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். கோல்கள் விழுவது பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான். அடியை வாங்கிக்கொண்டே பக்கை வெளியேற்றுவது அழகான காட்சி கிடையாது. அதை லெஹ்டினெனைப் போல நம்பகமாகச் செய்தவர்கள் மிகக் குறைவு.

அவர் விங்கர் என்பதை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2003இல் லெஹ்டினென் வென்றதற்குப் பிறகு, 2025 வரை செல்கே கோப்பை ஒரு விங்கருக்குக்கூடப் போகவில்லை. எல்லாமே சென்டர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தன் எல்லைக்குள் சென்டருக்குப் பொறுப்பு அதிகம், கோல் வலைக்கு முன்னால்வரை இறங்கி உதவ வேண்டும். அதைவிட, நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஆஃபைச் சென்டர்தான் எடுக்கிறார், ஃபேஸ்ஆஃப் வெற்றிக்குச் சதவீதக் கணக்கு இருக்கிறது. செல்கே கோப்பைக்கு வாக்களிக்கும் விளையாட்டு எழுத்தாளர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு எண் கிடைக்கிறது. விங்கருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவருடைய தற்காப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எண்ணே இல்லாத அந்த நிலையில் ஒரு விங்கரை மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள் என்றால், பார்த்தவர்களின் கண்ணில் அவர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்!

இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. களத்தில் ஒருவர் இருக்கும்போது எந்த அணி எத்தனை ஷாட் முயற்சி செய்தது என்பது போன்ற விரிவான கணக்குகள் 2007-08 சீசனிலிருந்துதான் முழுமையாகக் கிடைக்கின்றன. லெஹ்டினெனின் சிறந்த ஆண்டுகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. இன்றைய தற்காப்பு ஃபார்வர்டுக்கு ஆதரவாக நிற்கும் வரைபடங்களும் சதவீதங்களும் அவருக்குத் துணை வரப்போவதில்லை. அவருக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் மட்டும்தான். உங்கள் குழுவின் முன் இதைக் கொண்டுவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரைச் சுற்றி இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். செல்கே கோப்பை 1977இல் உருவாக்கப்பட்டது. 1978 முதல் 1981 வரை முதல் நான்கு முறையும் அதை வென்றவர் பாப் கெய்னி, அவரும் விங்கர்தான். 1984இல் வென்றவர் டக் ஜார்விஸ். 1988, 1989, 1992இல் வென்றவர் கார்போனோ. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டாலஸில் கெய்னி பொது மேலாளர், ஜார்விஸ் துணைப் பயிற்சியாளர், கார்போனோ சக வீரர். இந்தக் கலையில் தேர்ந்த மூவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஆடியவர் லெஹ்டினென். அரைகுறை வேலை அங்கே ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

இப்போது எண்களுக்கே வருகிறேன், ஏனென்றால் எண்களைக் காட்டித்தான் அவரை ஒதுக்குகிறார்கள். லெஹ்டினென் 875 ஆட்டங்களில் 243 கோல்கள், 271 அசிஸ்ட்கள், மொத்தம் 514 புள்ளிகள். ஹால் ஆஃப் ஃபேமுக்கு இது போதாது என்பார்கள். சரி, யாரோடு ஒப்பிட்டு? கெய்னி 1160 ஆட்டங்களில் 239 கோல் போட்டார். கார்போனோ 1318 ஆட்டங்களில் 260. லெஹ்டினெனின் 243 கோல் 875 ஆட்டங்களில் வந்தது. நூறு ஆட்டத்துக்கு இத்தனை என்று பார்த்தால் கெய்னிக்கு ஏறக்குறைய 21, கார்போனோவுக்கு 20, லெஹ்டினெனுக்கு 28. ஆடிய காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். 1981-82 சீசனில் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல் போட்டன. 1998-99இல் அது 5ஐச் சற்றே தாண்டியது. தடுப்பு ஆட்டம் லீகையே இறுக்கிப்பிடித்திருந்த காலம் அது. கோல் கிடைப்பதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில், தடுப்பதையே முதல் வேலையாக வைத்திருந்த ஒருவர் 2002-03இல் 31 கோல் போட்டார், அந்த சீசனில் அவருடைய பிளஸ்-மைனஸ், அதாவது அவர் களத்தில் இருக்கும்போது தன் அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம், +39. பிறகு 2005-06இல், 32 வயதில், 33 கோல் போட்டார்.

கெய்னியையும் கார்போனோவையும் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவர்களைச் சேர்த்தபோது நீங்கள் ஒரு சரியான முடிவை எடுத்தீர்கள்: ஒரு ஃபார்வர்டின் மதிப்பை அவர் தடுத்ததை வைத்தும் அளக்கலாம் என்று ஏற்றுக்கொண்டீர்கள். கார்போனோவுக்கு அந்த முடிவு வர, தகுதி கிடைத்த பிறகு 16 ஆண்டுகள் ஆயின. ஆனாலும் வந்தது. அதே அளவுகோலை லெஹ்டினென் மீது வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஸ்டான்லி கோப்பைகளின் எண்ணிக்கையில் அவர் பின்தங்கியவர் என்பது உண்மை. கெய்னி ஐந்து வென்றார், கார்போனோ மூன்று. லெஹ்டினெனுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று எப்படி வந்தது என்று பாருங்கள். டாலஸ் ஸ்டார்ஸ் தன் வரலாற்றில் 2025 வரை வென்ற ஒரே ஸ்டான்லி கோப்பை அதுதான். 1999 பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளில், லெஹ்டினென் 23 ஆட்டங்களில் 10 கோல் போட்டார். அதே பிளேஆஃபில் ஹல் போட்டது 8, மொடானோ போட்டது 5. அரையிறுதியில் ஜோ சாகிக், பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் இருந்த கொலராடோ அவலாஞ்ச் அணியை ஏழு ஆட்டம் வரை போராடித்தான் டாலஸ் வென்றது. பிறகு இறுதியில் பஃபலோ சேபர்ஸ், அவர்கள் கோலில் டோமினிக் ஹாஷெக்.

ஆறாவது ஆட்டம், ஜூன் 19, பஃபலோவில். அந்த ஆட்டத்தைப் பற்றி உலகம் பேசுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: மூன்றாவது கூடுதல் நேரத்தில் ஹல் போட்ட கோல், அப்போது அவர் கால் கோலியின் எல்லைக்குள் இருந்தது செல்லுமா செல்லாதா என்பது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த விவாதம் ஓயவில்லை. அந்த ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். டாலஸ் 2, பஃபலோ 1. டாலஸின் முதல் கோல், முதல் பீரியடில், லெஹ்டினென். பிறகு ஸ்டூ பார்ன்ஸ் சமன் செய்கிறார். அதன்பின் அந்த இரவு முழுக்க, நள்ளிரவைத் தாண்டியும், ஒரு கோல்கூட விழாமல் ஆட்டம் நீள்கிறது. கடைசியில் மூன்றாவது கூடுதல் நேரத்தின் 14:51இல் ஹல்லின் கோல். அதற்கு அசிஸ்ட் இருவருக்கு: லெஹ்டினென், மொடானோ. கோப்பையை வென்றுகொடுத்த ஆட்டத்தில் டாலஸ் போட்டதே இரண்டு கோல்தான். இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. தற்காப்பு வீரர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் பெயர்.

இதை நீங்கள் அறியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நினைவில் தங்குவது ஹல்லின் காலும் அதைச் சுற்றிய சண்டையும்தான். தன்னைப் பற்றிப் பேசாத, யாரோடும் சண்டை போடாத ஆட்கள் நினைவிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறார்கள்.

மொடானோ பக்கத்தில் யார் ஆடியிருந்தாலும் பெயர் வாங்கியிருப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. மொடானோ மிகப் பெரிய வீரர், அதில் பேச்சே இல்லை. ஹல் 2001இல் அணியை விட்டுப் போனார். 2002-03இல் மொடானோவின் மறுபக்கம் ஆடியவர் பில் கெரின். பக்கத்து ஆள் மாறினார், லெஹ்டினென் மாறவில்லை, அந்த ஆண்டும் செல்கே கோப்பை அவருக்கே வந்தது. கோல் போடும் இருவரோடு மூன்றாவது ஆளாக இருப்பது சுலபமான வேலையும் கிடையாது. மற்ற இருவரும் எதிர்க்களத்தில் துணிந்து நிற்கலாம் என்றால், இவர் எப்படியும் பின்னால் போய்விடுவார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்க வேண்டும். ஹல் போட்ட கோல்களில் எத்தனை, லெஹ்டினென் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் முன்னால் நின்றதால் வந்தவை? அதை யாரும் கணக்கிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் அறையில் யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

875 ஆட்டங்கள் போதாது என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஃபோர்ஸ்பெர்க் 708 ஆட்டங்கள் ஆடினார். பாவெல் புரே 702. கேம் நீலி 726. எரிக் லிண்ட்ரோஸ் 760. எல்லோரும் உங்கள் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள். அவர்கள் கோல் போட்டு மிரட்டியவர்கள், உண்மைதான். ஆனால் காயத்தால் குறைந்துபோன ஆட்டங்களை அவர்களுக்கு மன்னித்தீர்கள் என்றால் லெஹ்டினெனுக்கும் மன்னிக்கலாமே. அவரும் காயங்களோடுதான் காலம் தள்ளினார். கோப்பை வென்றதற்கு அடுத்த 1999-2000 சீசனில் அவரால் 17 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. போர்டு ஓரத்தில் அடி வாங்குவதையே தொழிலாக வைத்திருந்தவரின் உடம்பு அது.

உங்கள் விதிமுறைகளில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டியவை என்று சிலவற்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: ஆடும் திறமை, விளையாட்டுப் பண்பு, குணம், தன் அணிக்கும் பொதுவாக இந்த விளையாட்டுக்கும் ஆற்றிய பங்கு. புள்ளிகள் என்ற சொல்லே அதில் இல்லை. விளையாட்டுப் பண்பு என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். தற்காப்பு ஆட்டம் என்றால் பிடித்து இழுப்பது, ஸ்டிக்கால் கொக்கி போடுவது, இடித்துத் தள்ளுவது என்றுதான் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இருந்தது. நடுவர்களும் நிறைய விட்டுக்கொடுத்தார்கள். 2005இல் விதிகளைக் கடுமையாக்கி அதையெல்லாம் நிறுத்தியபோது பல தற்காப்பு வீரர்கள் தடுமாறிப்போனார்கள். லெஹ்டினென் அந்த ஆண்டில்தான் தன் வாழ்க்கையிலேயே அதிகமாக 33 கோல் போட்டார். மொத்த 875 ஆட்டங்களிலும் தவறு செய்தவர்களை உட்காரவைக்கும் பெனால்ட்டி பெட்டியில் அவர் உட்கார்ந்தது 210 நிமிடங்கள். நான்கு ஆட்டத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கீழே! லீகின் மிக ஆபத்தான ஆட்களை மறித்துக்கொண்டே அதைச் செய்தார். பக்கை நேர்மையாகப் பறிக்கத் தெரிந்தவருக்கு, சரியான இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுபவருக்கு, யாரையும் பிடித்து இழுக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. விளையாட்டுப் பண்பு என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மன்றத்தின் பெயர் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம். அமெரிக்க, கனடா லீகின் மன்றம் அல்ல என்று நீங்களே பல முறை காட்டியிருக்கிறீர்கள். அதனால் ஃபின்லாந்து பற்றியும் சொல்ல வேண்டும். 1973இல் எஸ்போவில் பிறந்தவர் லெஹ்டினென். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1992 டிராஃப்டில் மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அவரை 88ஆவது ஆளாக எடுத்தது. மறு ஆண்டே அந்த அணி டாலஸுக்கு இடம்பெயர்ந்தது. அவர் உடனே கடல் கடக்கவில்லை. 1995இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சாகு கொய்வு, வில்லே பெல்டொனென் இருவரோடும் ஒரே லைனில் ஆடினார். ஸ்வீடன் மண்ணில், ஸ்வீடனையே 4-1 என்று வென்று ஃபின்லாந்து தன் முதல் உலகப் பட்டத்தை எடுத்தது அப்போதுதான். அந்த மூவர் லைன் இன்றும் அந்த நாட்டில் ஒரு தலைமுறையின் நினைவு.

ஒலிம்பிக்கில் நான்கு பதக்கங்கள். 1994இல் லில்லஹாமரில் வெண்கலம். 1998இல் நாகானோவில், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவை 3-2 என்று வென்று இன்னொரு வெண்கலம். 2006இல் டூரினில் வெள்ளி, இறுதியில் ஸ்வீடனிடம் ஒரே கோலில் தோல்வி. 2010இல் வான்கூவரில் ஸ்லோவாக்கியாவை வென்று மீண்டும் வெண்கலம். முதல் பதக்கத்துக்கும் கடைசிப் பதக்கத்துக்கும் நடுவில் பதினாறு ஆண்டுகள். யாரி குர்ரியையும் தேமு செலான்னேவையும் நீங்கள் சேர்த்தது அவர்கள் போட்ட கோல்களுக்காக, மிகவும் சரி. ஆனால் பெரிய நாடுகளோடு மோதும்போது ஃபின்லாந்து அணி எதை நம்பி நின்றது என்று கேட்டால், ஐந்து பேரும் சேர்ந்து திரும்பி ஓடிவந்து தடுக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு முகம் என்றால் லெஹ்டினென்தான். செல்கே கோப்பையை வென்ற முதல் ஃபின்லாந்துக்காரர் அவர். பின்னால் அலெக்சாந்தர் பார்கோவ் 2021, 2024, 2025 என்று மூன்று முறை வென்றார். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர் இன்னும் வெளியே நிற்கிறார்.

ஆட்டத்தை விட்ட பிறகும் அவர் ஒதுங்கவில்லை. 2014இல் ஃபின்லாந்து தேசிய அணியின் பொது மேலாளர் ஆனார். 2022இல் பெய்ஜிங்கில் அந்த நாடு தன் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தை வென்றபோது அணியைத் தேர்ந்தெடுத்தவர்களில் அவர் இருந்தார். இது வீரர் பிரிவில் கணக்காகாது என்று சொல்வீர்கள், சரிதான். இந்த விளையாட்டுக்கு ஆற்றிய பங்கு என்ற உங்கள் வார்த்தைகளுக்காக மட்டும் சொல்லி வைக்கிறேன்.

டாலஸ் நகரம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. 2017 நவம்பர் 24 அன்று அவருடைய 26ஆம் எண் ஜெர்சியை அரங்கின் உச்சியில் ஏற்றினார்கள். இனி அந்த அணியில் வேறு யாரும் அந்த எண்ணைப் போட முடியாது. தன் வாழ்நாள் முழுக்க ஒரே லீக் அணிக்கு ஆடியவருக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

செல்கே கோப்பையை மூன்று அல்லது அதற்கு மேல் வென்றவர்கள் 2025 வரை ஆறு பேர்தான். ஆறு முறை வென்ற பேட்ரிஸ் பெர்ஜெரானின் தகுதி பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கப்போவதில்லை, அவர் ஆயிரத்துக்கும் மேல் புள்ளி எடுத்தவர். பார்கோவ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். கெய்னி, கார்போனோ, பாவெல் டட்சுக் மூவரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். டட்சுக்கை 2024இல்தான் சேர்த்தீர்கள், அவர் கையில் பக் இருந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். பல ஆண்டுகளாகத் தகுதி இருந்தும் மிச்சமிருப்பவர் லெஹ்டினென் ஒருவர்தான். இந்த வகை ஆட்டக்காரர்களில் உங்கள் கண்ணுக்குத் தப்பியவர் அவர் மட்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டு முறை செல்கே வென்று, 1184 புள்ளிகளும் எடுத்து, 2006இல் கேப்டனாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிய ராட் பிரிண்டமோர் பெயரையும் 2025 வரை நீங்கள் அறிவிக்கவில்லை. அவருக்காகவும் யாராவது எழுத வேண்டும். இந்த மடல் லெஹ்டினெனுக்காக.

உங்கள் முறையை நான் புரிந்துகொண்ட அளவில், பதினெட்டுப் பேர் கொண்ட குழு உங்களுடையது. உங்களில் ஒருவர் பெயரை முன்மொழிந்தால்தான் அது பேச்சுக்கு வரும். பேசி முடித்தபின் வாக்கெடுப்பு, முக்கால் பங்கு ஆதரவு வேண்டும், அதாவது எல்லோரும் வந்திருந்தால் பதினான்கு பேர். ஆண் வீரர்களில் ஓர் ஆண்டில் நான்கு பேருக்கு மேல் எடுக்க முடியாது. யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பதை நீங்கள் வெளியிடுவதில்லை. அதனால் லெஹ்டினென் ஒரு வாக்கில் தவறிப்போனாரா, அல்லது அவர் பெயரை யாரும் எடுக்கவே இல்லையா என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாக்கு எண்ணிக்கையை வெளியிட்டால் நல்லது என்பது என் கருத்து. அது உங்கள் உரிமை, அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் உங்களில் ஒருவர் யெரே லெஹ்டினென் பெயரை முன்மொழியுங்கள். முன்மொழிபவர் புள்ளிப் பட்டியலை நீட்டாமல், வீடியோவைப் போட்டுக் காட்டட்டும்: தன் அணியில் ஆள் குறைந்திருக்கும் பெனால்ட்டி கில்லில் அவர் ஆடிய சில நிமிடங்கள், கொலராடோவுக்கு எதிரான அந்த ஏழு ஆட்டங்களில் ஏதாவது ஒன்று. உங்களில் அவரை எதிர்த்து ஆடியவர் யாராவது இருந்தால், அவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் பேசி முடித்த பிறகு வாக்கெடுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
பல ஆண்டுகளாக ஐஸ் ஹாக்கி பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகர்